கமலாக்காவின் நாயும் என் நகங்களும்

என் ஐந்து வயது மகள் ஆசனவாயைச் சொறிந்துகொண்டே இருந்தாள். பார்த்தால், நூல் போல வெள்ளைப் பூச்சிகள். நாவற்குடாவில் எங்கள் முற்றத்து மணலில் எந்நேரமும் படுத்துக் கிடப்பது பக்கத்து வீட்டுக் கமலாக்காவின் நாய். வேலியடியில் நின்று கத்தினேன்.

"உங்கட நாயாலதான் என்ட புள்ளைக்குப் பூச்சி."

"அதுக்கு மருந்து குடுத்திருக்கன் கா," என்றார். நான் நம்பவில்லை. அன்றிலிருந்து நாயின் மலத்தை அள்ளி அவர் வாசலிலேயே கொட்டினேன்.

மகளுக்குப் பூச்சி மருந்துக் குளிசை கொடுத்தும் சில வாரங்களில் பூச்சி திரும்பி வந்தது. டாக்டரிடம் நாயைப் பற்றி முறையிட்டேன்.

"இந்தப் பூச்சி நாயால வாறதில்ல, மனிசராலதான். வீட்டில எல்லாரும் குளிசை போட்டீங்களா?" என்று கேட்டவர் என் கையைப் பார்த்தார். தம்பியின் கலியாணத்துக்காக வளர்த்த நீள நகங்கள். "பூச்சிட முட்டை நகத்துக்கடியிலதான் தங்கும்," என்றார். அந்தக் கையால்தான் தினமும் சோறு குழைத்து எல்லோருக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்தேன்.

அன்றே எல்லோரும் குளிசை எடுத்தோம். டாக்டர் சொன்னபடி இரண்டு வாரத்தில் மீண்டும் எடுத்தோம். படுக்கைத் துணிகளைச் சுடுநீரில் துவைத்தேன். பிறகு கமலாக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் நாயோடு வேலியடிக்கு வந்து, தன் நகவெட்டியை நீட்டுகிறார். அவரும் நாயும் பார்த்து நிற்க, பத்து விரலிலும் ஒட்ட வெட்டிக் காட்டுகிறேன்.