தேரன்று சாத்திய ஜன்னல்

நர்ஸ் என் இடது மணிக்கட்டில் பேண்டேஜ் சுற்றியபோது, வெளுத்த துணியின் வாசம் மூக்கில் ஏறியது.

ராஜபாளையத்தில் எங்கள் வீடு முழுக்க அந்த வாசம்தான். பள்ளி விடுமுறை என்றால் அம்மா கூலிக்குச் சுருட்டித் தர பேண்டேஜ் துணியைக் கட்டுக் கட்டாக வாங்கி வந்துவிடுவாள். நான் தொடையில் வைத்துச் சுருட்ட வேண்டும். துணி பறக்கும் என்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிடுவாள். கரண்டும் மிச்சம்.

ஆடிப்பூரத்தன்று தெருவே ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்குக் கிளம்பியது. நானும் போகிறேன் என்றேன்.

"ஏட்டி, தேரு வருசா வருசம் ஓடும். இந்த லீவு நாளு போனா வருமா? பஸ்காசும் மிச்சம், சுத்து" என்றாள் அம்மா.

வேர்வையைத் துடைக்கவும் கை ஒழியவில்லை.

"வேர்க்குதே அக்கா, ஃபேன் போடட்டா?" என்றாள் நர்ஸ்.

"வேண்டாம், துணி பறக்கும்."

அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தேன். என் வலது கை, மிஞ்சிய துணியைத் தொடையில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தது.