டவுட்டுக்காக வழக்காடிய மேபல் டீச்சர்

காலையில் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மேபல் டீச்சரின் தம்பி அழைத்தார். "சாரே, அக்கா போயிட்டாவ. நெஞ்சு வலிக்குன்னு சொன்னாவ. ஆஸ்பத்திரி எத்துமுன்னயே முடிஞ்சுபோச்சு." வெளிநாடு செல்லும் நர்ஸ்களுக்கு ஆங்கிலம் கற்றுத்தரும் புதுக்கடை ஊர்ப் பயிற்சி நிலையமொன்றில் நானும் டீச்சரும் பல ஆண்டுகள் சேர்ந்து வேலை பார்த்தோம். சேர்ந்து சண்டையும் போட்டோம்.

டீச்சர் இனயம் என்ற கடற்கரை ஊரில் மீன் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என்னோடு மோதினார்கள். "ஐ ஹேவ் எ டவுட்" என்று மாணவிகள் எழுந்தால் நான் திருத்துவேன். நமக்கு டவுட் என்றால் கேள்வி. வெள்ளைக்காரர் காதில் அது அவநம்பிக்கை.

"அமெரிக்காக்காரன் மாத்துனா அது அமெரிக்கன் இங்கிலீஷ். நம்ம பிள்ளைங்க மாத்துனா மட்டும் தப்பாக்கும்?" என்றார்கள். தப்பு தப்புதான் என்றேன். அத்தோடு விடுகிற ஆளா அவர்கள்!

பிறகு எங்கள் மாணவி ஜெனிஃபர் அயர்லாந்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மூத்த நர்ஸ் எடுத்து வைத்த மருந்தைக் காட்டி அதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள். தன்னையே சந்தேகிக்கிறாள் என்று அந்த அம்மையார் புகார் கொடுத்துவிட்டார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஜெனிஃபர் போனில் அழுதாள்.

மருத்துவமனை நடத்திய விசாரணையில் ஜெனிஃபருக்காக டீச்சர் வீடியோ அழைப்பில் பேசினார்கள். "எங்கள் பக்கத்தில் டவுட் என்றால் தெரிந்துகொள்ளக் கேட்பது. அவள் உங்களைச் சந்தேகப்படவில்லை, உங்களிடம் கேட்டாள்" என்று நிதானமான ஆங்கிலத்தில் விளக்கினார்கள். புகாரை அந்த அம்மையாரே திரும்பப் பெற்றார்.

மறுநாள் வகுப்பில், "அங்க போனா கொஸ்டின்னு சொல்லுங்க மக்கா. ஆளறிஞ்சு பேசணும். எங்கிட்ட டவுட்டுன்னே கேளுங்க" என்றார்கள்.

"இறங்கி வந்துட்டீங்களே டீச்சர்!" என்று சீண்டினேன்.

"இறங்கல சாரே. கொஞ்சம் ஒதுங்கி நிக்கேன், அவ்வளவுதான்."

அடக்கத்தன்று இனயத்தில் சவப்பெட்டியை மூடும் முன் தம்பியின் போனில் ஜெனிஃபர் வந்தாள். "டீச்சர், புகார் குடுத்த அந்த மேடம் இப்ப டியூட்டி மாத்தும்போ எல்லாருட்டயும் 'எனி டவுட்ஸ்?'னுதான் கேக்காவ. லீவுக்கு வரும்போ நேர்ல சொல்லணும்னு வச்சிருந்தேன்" என்று தேம்பினாள். தம்பி போனை அக்காவின் காதருகே கொண்டுபோனார்.

வழக்கில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள், டீச்சர். போய் வாருங்கள்.