நீளாத இத்தா

என் தலைப்பிள்ளை கண் திறக்காமலே போனது. எனக்கு உதிரம் நிற்கவில்லை. பிழைத்ததே பெரிது. மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டே என் கணவரிடம் சொன்னாள்.

"ராவுத்தரே, இவ உடம்புல இப்ப ஒண்ணும் இல்ல. தேறாம இன்னொண்ணு தங்குச்சுன்னா, தாய உசுரோட பாக்க முடியாது."

கம்பம் சந்தையில் அவர் விலை பேசினால் பத்துக் கடை திரும்பிப் பார்க்கும். அப்பேர்ப்பட்ட மனிதர் இதற்கு என்ன வழி என்று பள்ளிவாசல் அசரத்திடம் கேட்க வெட்கப்பட்டு, வாரா வாரம் தொழுதுவிட்டுச் சும்மா திரும்பி வந்தார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒருவழியாகக் கேட்டு வந்த அன்று, மாட்டுக்குத் தவிடு கரைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பிள்ள தங்காம கடைசி நேரத்துல நான் விலகிக்கிறது ஆகுமாம். ஆனா நீ சம்மதிக்கணுமாம். பிள்ள பெத்துக்கிறது பொண்டாட்டிக்கு உள்ள உரிமையாம். அவளக் கேக்காமச் செய்யக் கூடாதுன்னாக."

"வேற என்ன சொன்னாக?"

"அல்லா நாடுன உசுரு, நாம என்ன செஞ்சாலும் வந்துருமாம்."

நிக்காஹ் அன்று சம்மதம் கேட்டபோது நான் அழுதேன். அழுகையையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். இப்போது வாய் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. "சம்மதம். உடம்பு தேறட்டும், அப்புறம் வீடு நெறயப் பெத்துக்கிருவோம்" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது கூடலூருக்கு மேலே மலையில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் வண்டியில் அரிசி ஏற்றிப் போய் வருவார். இரண்டு வருடத்தில் எனக்குச் சதை பிடித்தது. மருத்துவச்சி தொட்டுப் பார்த்து, இனிப் பயமில்லை என்றாள். அவர் வந்ததும் சொல்ல வேண்டும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரை மலைக்காய்ச்சலோடு அடுத்தவர் வண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். காதருகே குனிந்து சொன்னேன். கேட்டதோ இல்லையோ, நடுக்கம் மட்டும் நிற்கவே இல்லை. மறுநாள் மௌத்தாகிவிட்டார்.

புருஷன் போனவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும். வயிற்றில் பிள்ளை இருந்தால் அது பிறக்கும் வரை இத்தா நீளும். நீளட்டும் என்று நான் கேட்காத தொழுகை இல்லை. விலகினாலும் சிலருக்குத் தங்கிவிடும் என்பார்கள். அசரத்து சொன்னதும் அதுதானே! முதல் மாதம் தள்ளிப்போனது. அதுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசாத மாமியார், மாங்காய் நறுக்கி உப்புப் போட்டுக் கொண்டுவந்தார். நான் வாங்கித் தின்றேன். இருபது நாள் கழித்து ரத்தம் வந்துவிட்டது.

இத்தா முடிந்த அன்று தலைக்கு ஊற்ற வந்த பெண்கள், "அல்லா ஒனக்குப் பிள்ள எழுதல, அதான் வரல" என்று ஆறுதல் சொன்னார்கள். நல்ல ஆறுதல்! அவர்கள் வீட்டில் ஆளுக்கு ஐந்தாறு எழுதியிருந்தது. அவர்கள் போன பிறகு மாமியார் கேட்டார்.

"அவன் ஒன்னயக் கேட்டுத்தான செஞ்சான்? மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா, ஆத்தா?"

"நான் பொழைக்கணும்னு கேட்டாக, மாமி" என்றேன்.

பிழைத்துத்தான் கிடக்கிறேன்.