சிக்காத தூண்டிலைத் தேர்ந்தெடுத்தது

தை 4, ஞாயிறு.

பருத்திப்பட்டிலிருந்து காரில் புறப்பாடு, காலை 5.20. வெளிவட்டச் சாலை வழியாக மீஞ்சூர், அங்கிருந்து கடற்கரை. சேர்ந்தது 6.35. காற்று வடகிழக்கு, மிதம். கரையோர அலை முழங்கால் உயரம். இரை, உரிக்காத சிறு இறால். நான் எறிந்தது ஒன்பது முறை, தூண்டில் நரம்பு சிக்கியது இரண்டு. மச்சான் எறிந்தது ஆறு முறை, சிக்கியது ஐந்து. சிக்கெடுக்கச் செலவான நேரம் ஒரு மணி ஐம்பது நிமிடம். மீன், கிழங்கான் ஒன்று. 9.25க்கு மச்சானின் இடது கட்டைவிரலில் தூண்டில் முள் ஏறியது. அவனுக்குத் தெரியவில்லை. நான் பார்த்துச் சொன்னேன். வழியில் ஒரு மருத்துவமனையில் முள்ளை வெட்டி எடுத்தார்கள். வீடு திரும்பியது 12.10.

முப்பத்தைந்து ஆண்டுகள் ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். அங்கே பழகிய முறையில்தான் இன்றும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறேன்: நடந்தது மட்டும், நடந்த வரிசையில். கருத்து எழுதும் இடம் வேறு.

மச்சான் என்று நான் குறிப்பிடுவது என் மனைவியின் தம்பியை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செம்பரம்பாக்கத்தில் இருக்கிறான். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை. முதலில் பாதங்களில் உணர்ச்சி குறைந்தது, இப்போது விரல் நுனிகளிலும் இல்லை. சுடுகிறதா, குத்துகிறதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான்.

அன்று மருத்துவமனையிலிருந்து வெளியே வந்ததும் காரில் உட்கார்ந்து சொன்னான்.

“இதோட போதும் மாமா. என் ராடையும் நீங்களே வெச்சுக்கங்க. நான் எறியறதும் நீங்க சிக்கெடுக்கறதும், இதுக்குப் பேரு மீன் புடிக்கறதா? எனக்கே அசிங்கமா கீது.”

சிக்காத தூண்டில் ஒன்று கட்ட நான் மூன்று வாரம் அவகாசம் கேட்டேன். காயம் ஆறும்வரை கடல்நீர் படக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் அவனும் மறுக்கவில்லை. “சரி. ஒரே ஒரு தபா வரேன். அன்னிக்கும் சிக்குச்சுன்னா என்ன வுட்ருங்க” என்றான்.

என் மனைவி ஆவணியில் காலமானாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு வீட்டுக்கு வருபவர்கள் படிப்படியாகக் குறைந்தார்கள். அது இயல்பு. எனக்கும் மச்சானுக்கும் போனில் பேசும் வழக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரை நின்றுபோனால், நாங்கள் இருவரும் சந்திக்க ஒரு கல்யாணமோ சாவோ வேண்டியிருக்கும். அவளைப் போலவே பேசுகிறவர், அவள் சிரிக்கும் இடத்தில் சிரிக்கிறவர், எனக்குத் தெரிந்து இன்னும் ஒருவர்தான் இருக்கிறார். ஆகவே இந்த வேலையை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவளும் எங்களோடு கடற்கரைக்கு வருவாள். தூண்டிலைத் தொட்டதில்லை. ஈர மணலுக்குச் சற்று மேலே ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பாள். எங்கள் நரம்பு சிக்கும்போது அதை அப்படியே அறுத்து அவளிடம் கொடுத்துவிட்டு வேறொன்றைக் கட்டிக்கொள்வோம். அரை மணியில் அவள் அதைப் பிரித்து நேராக்கி அட்டையில் சுற்றிவைத்திருப்பாள். சிக்குவது கடலின் குணம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இருவருமே இயந்திரங்களோடு வாழ்ந்தவர்கள். ஒருநாளும் காரணம் தேடவில்லை.

காரணம் தேட எனக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

கரையிலிருந்து எறியும் தூண்டிலில் ஈயக்குண்டுதான் முன்னே பறக்கிறது. முள்ளும் இரையும் ஒரு தனித் துண்டு நரம்பில் பின்னே இழுபடுகின்றன. அந்தத் துண்டைக் கிளை என்று சொல்கிறேன். கிளை நீளமாகவும் மென்மையாகவும் இருந்தால் காற்றில் மடங்கி, ராடிலிருந்து வரும் தாய் நரம்பைச் சுற்றிக்கொள்ளும். இரண்டு கிளைகள் ஒன்றையொன்று எட்டும் தூரத்தில் இருந்தால் பின்னிக்கொள்ளும். எனவே விதிகள் தெளிவானவை. கிளை, தனக்கும் ஈயத்துக்கும் இடையே உள்ள தூரத்தைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். தாய் நரம்பைவிடத் தடித்த, விறைப்பான நரம்பில் கட்ட வேண்டும். கிளை தாய் நரம்போடு சேருமிடத்தில், கடையில் சுவிவல் என்று கேட்டால் தரும் சுழல் வளையம் வேண்டும். முறுக்கு அங்கேயே அவிழ்ந்துவிடும்.

இதன்படி மூன்று அமைப்புகளைக் கட்டினேன். முதலாவது, நாங்கள் எப்போதும் பயன்படுத்தியது: ஈயத்தின் துளை வழியே நரம்பு ஓடும், அதன் முனையில் ஒரு முழ நீளக் கிளை. இரண்டாவதில் ஈயம் அடியில், அதற்கு மேலே இரண்டு குட்டைக் கிளைகள். மூன்றாவதிலும் ஈயம் அடியில்தான், ஆனால் ஒரே கிளை, ஒரு சாண் நீளம், ஒரே முள். அந்த முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்ப்பல்லைக் குறடால் நசுக்கி மழுக்கினேன். விரலில் ஏறினாலும் வெட்டாமல் வெளியே எடுக்கலாம். மீன் சில தப்பும். அது எனக்குச் சம்மதம்.

சோதனைக்கு மச்சான் வீட்டுக்கு அருகே உள்ள வெளியைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு காலத்தில் அவன் பெற்றோர் நடவுக்கும் அறுப்புக்கும் போன நிலம். இப்போது மனைகளாகப் பிரித்து எண் எழுதிய கல் நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மனையும் நாற்பதடி அகலம். எறியும் தூரத்தை அளக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. வழியில் போகிறவர்களுக்கு ஆபத்தில்லாதபடி முட்களைக் கழற்றிவிட்டேன். ஒவ்வோர் அமைப்பையும் முப்பது முறை எறிந்தேன். விரலில் கட்டோடு மச்சான் கல்லின் மேல் உட்கார்ந்து எண்ணினான்.

அந்த இடத்தின் காவலாளி சைக்கிளில் வந்து இறங்கினார்.

“இன்னா சார், மனை பாக்க வந்துகீறீங்களா? ஆறாம் நம்பரு புக்காயிட்சு. ஏழு காலியா கீது.”

“அவரு மனை வாங்க வரல அண்ணாத்தே” என்றான் மச்சான். “மனையில மீன் புடிக்கறாரு.”

“இப்ப வந்தா எப்டி? ஐப்பசியில வந்திருந்தா நெசமாவே புடிச்சிருக்கலாம். இடுப்பளவு தண்ணி.” பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, “வாங்கறவங்க யாராச்சும் வந்தா இதச் சொல்லிடாதீங்க சார்” என்றார்.

முடிவு சந்தேகத்துக்கு இடமில்லாதது. ஓடும் ஈயம் மூன்றுக்கு ஒன்று சிக்கியது. இரண்டு கிளை அமைப்பு அவ்வப்போது சிக்கியது. மூன்றாவது, முப்பது முறையும் நேராகப் போய் ஐந்தாவது மனையில் விழுந்தது. ஒருமுறைகூடச் சிக்கவில்லை. அதே போல எட்டுக் கட்டி, தனித்தனி உறையில் போட்டு, உறைமேல் எண் எழுதினேன். அந்த வாரம் நான் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

தை 25, ஞாயிறு. அதே கடற்கரை, அதே காற்று. எண் ஒன்றை மச்சானின் நரம்பில் கட்டி, முள்ளில் இறாலைக் குத்திக் கொடுத்தேன். அவன் எறிந்தான். தூரம் நன்றாகவே இருந்தது. சுற்றி இழுத்தபோது வந்து சேர்ந்தது ஓர் உருண்டை. கிளை, தாய் நரம்பில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றியிருந்தது.

எண் இரண்டைக் கட்டினேன். அதுவும் அப்படியே.

சற்றுத் தள்ளி, படகின் நிழலில் வலைக்கு முடிபோட்டுக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னா நைனா, மீன் புடிக்க வந்தீங்களா, சொட்டர் பின்ன வந்தீங்களா?” என்று குரல் கொடுத்தார். “ஒரு கை இப்டி வாங்களேன். எனக்கு வலையில நாலு கண்ணு பிஞ்சி கீது.”

மச்சான் சிரித்தான். ஆனால் ராடின் மேல்பாதியைக் கழற்றத் தொடங்கிவிட்டான். அவன் அதைச் செய்யும் விதம் எனக்குத் தெரியும். பட்டறையில் வேலை முடிந்து கருவிகளைத் துடைத்து வைப்பவன் போல, அவசரமில்லாமல், கடைசியாக.

“உங்க மேல தப்பு இல்ல மாமா. என் வெரலு சரியில்ல. எப்ப நரம்ப வுடறேன்னு எனக்கே தெரியல.”

அது உண்மையாக இருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது. அப்படியானால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு காரணத்தை ஏற்பதற்கு முன் மற்றதை விலக்க வேண்டும். எண் மூன்றை என் ராடில் கட்டி நானே எறிந்தேன். என் விரல்களில் குறையில்லை. அதுவும் சிக்கித்தான் வந்தது.

இதை அவனிடம் காட்டியபோது அவன் கழற்றுவதை நிறுத்தினான். அதுவரை தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது தூண்டிலைப் பார்த்தான்.

“இன்னொரு தபா கட்டுங்க. தூரம் வேணாம். இங்கயே, கால் முட்டித் தண்ணியில போட்டு வேகமா இழுங்க.”

இழுத்தேன். அவன் குனிந்து, தண்ணீருக்குள் வருவதைக் கவனித்தான்.

“சுத்துது” என்றான். “எறா காத்தாடி மாதிரி சுத்துது மாமா. அன்னிக்கி மனையில எறியறப்ப எறா மாட்டுனீங்களா?”

மாட்டவில்லை. முள்ளே இல்லை, பிறகு இறால் எங்கே?

“கடையற ஜாப் மாட்டாம லேத்த ஓட்டுனா எந்த லேத்தும் ஆடாது. நாப்பது வருசம் இன்ஸ்பெக்சன் பண்ணவரு, சும்மா ஓட்டிப் பாத்துட்டு ஓகே சீல் குத்திட்டீங்க.”

என் பணிக்காலத்தில் சுமையேற்றாமல் சோதித்த ஒரு பொருளை யாராவது கொண்டுவந்திருந்தால், அதைத் திருப்பி அனுப்பியிருப்பேன். சோதனை செய்தவரைக் கூப்பிட்டுப் பேசியும் இருப்பேன்.

“முப்பத்தஞ்சு வருஷம்தான்” என்று மட்டும் திருத்தினேன்.

அவன் மணலில் உட்கார்ந்து, நான் குத்தியிருந்த இறாலை எடுத்துப் பார்த்தான். நான் அதன் முதுகின் நடுவில் குறுக்காகக் குத்தியிருந்தேன். இருபது ஆண்டுகளாக எல்லோரும் குத்துவது போல. வளைந்த உடல் ஒரு பக்கம், வால் விசிறி மறுபக்கம்.

“சென்டர் இல்லாம மாட்டுன ஜாப் இது. ஆடாம இன்னா பண்ணும்?”

பிறகு நடந்ததை நான் முழுக் கவனத்தோடு பார்த்தேன். வால் விசிறியைக் கத்தரித்தான். தலையைக் கிள்ளி எறிந்தான். முள்ளின் தண்டை நீள்மூக்குக் குறடால் பிடித்தான். விரலால் பிடிக்கவில்லை. வால்பக்கத்திலிருந்து தலைப்பக்கம் நோக்கி, இறாலின் உள்ளேயே நீளவாக்கில் முள்ளை ஓட்டினான். வளைந்த இறால் முள்தண்டின் மேல் நிமிர்ந்து நேராக உட்கார்ந்தது. என் பெட்டியிலிருந்த தையல் நூலை அதன்மேல் நெருக்கமாகச் சுற்றச் சொன்னான். சுற்றினேன். குறடை முகத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குறடையே மெதுவாக உருட்டிப் பார்த்தான். முனை அசையவில்லை.

“ஓடுது, ஆனா ஆடல. இப்ப போடுங்க.”

“நீ போடு” என்றேன்.

போட்டான். ஈயம் தண்ணீரைத் தொடும் கணத்துக்குச் சற்று முன்னால் நரம்பு சுற்றியிருக்கும் ரீலின் விளிம்பை உள்ளங்கையால் அழுத்தச் சொல்லியிருந்தேன். அப்படிச் செய்தால் பின்னால் வரும் நரம்பு தொய்யாமல் நீண்டு விழும். உள்ளங்கையில் அவனுக்கு இன்னும் உணர்ச்சி இருக்கிறது. இழுத்தபோது கிளை, தாய் நரம்பிலிருந்து தனியாக, விறைப்பாக வந்தது. இறால் நேராக இருந்தது.

அன்று அதன்பின் இருவரும் சேர்ந்து பதினேழு முறை எறிந்தோம். சிக்கு இல்லை. கிழங்கான் ஆறு, கெளுத்தி ஒன்று. கெளுத்தியின் விஷமுள்ளை அவன் தொடாதபடி நானே கழற்றினேன். வலைக்காரர் எழுந்து வந்து, இறால் கட்டியிருந்த முள்ளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாபா இது, எறாவுக்கு பேண்டேஜு போட்டுகீறீங்க.”

“ஆப்பரேசன் அண்ணாத்தே” என்றான் மச்சான். “பெரிய டாக்டரு இவரு. போன தபா பேசண்டே இல்லாம பண்ணிப் பாத்தாரு. சக்சஸு.”

வலைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

வெயில் ஏறியபின் மணலில் உட்கார்ந்து டீ குடித்தோம். மச்சான் கடலைப் பார்த்தபடி பேசினான்.

“இத நாம எப்பவோ கண்டுபுடிச்சிருக்கணும் மாமா. அக்கா சிக்கெடுத்துக் குடுத்துக் குடுத்தே நம்ம ரெண்டு பேரையும் சோம்பேறியாக்கிட்சி.”

“ஆமாம்” என்றேன்.

“ஒரு நாளாச்சும் சலிச்சுகிச்சா, சொல்லுங்க.”

“இல்லை.”

டீ ஆறுவதற்குள் குடித்து முடித்தோம்.

அவனைச் செம்பரம்பாக்கத்தில் இறக்கிவிட்டேன். பின்சீட்டிலிருந்து மீனை எடுத்துக்கொண்டான். பிறகு தன் ராடையும் எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டான். “அடுத்த வாரம் எறா நான் வாங்கியாறேன். நீங்க வாங்கறது எல்லாம் கோணலா கீது” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சந்துக்குள் போனான்.

இன்னும் செய்யாதவை:

எதிர்க்காற்றில் சோதனை. இரையோடு.

மீதமுள்ள கிளைகளின் முடிச்சுகளைத் தராசில் மாட்டி இழுத்துப் பார்ப்பது.

மச்சானைப் பாதப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது. அவனாகப் போகமாட்டான்.

வீட்டு மின் இணைப்பை அவள் பெயரிலிருந்து மாற்றுவது. படிவம் வாங்கி வைத்திருக்கிறேன், நிரப்பவில்லை.

பெரிய முள்ளுக்கு எவ்வளவு பெரிய இறால் என்று ஓர் அட்டவணை.