ஈரச்சுவர் அக்கா

வீட்டுத் தரகு செய்யும் அவளை ஊரில் பாதிப் பேர் ஈரச்சுவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மற்ற தரகர்கள் பால்கனிக் கதவைத் திறந்து காற்றைக் காட்டுவார்கள். இவளோ நேரே போய், குளியலறையை ஒட்டிய சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். ஈரம் தட்டினால் போச்சு. "பெயிண்ட் புதுசு, நோவு பழசு. பாத்துக்குங்க" என்று வந்தவர் காதில் போட்டுவிடுவாள்.

"நீ வீடு விக்கப் போறியா, வைத்தியம் பாக்கப் போறியா?" என்று கணவர் கிண்டல் செய்வார்.

பன்னிரண்டு வருஷம் இப்படியே வண்டி ஓடியது. இந்த வருஷம் வந்தது வம்பு. தரகர் சங்கம் ஒவ்வொருவரையும் விசாரித்து, தேறியவர்களுக்கு மட்டும் அட்டை கொடுக்க ஆரம்பித்தது. அட்டை இல்லாதவர்களைப் புது அடுக்குமாடிகளின் வாசலிலேயே மறித்துவிட்டார்கள். நல்ல ஏற்பாடுதான், ஊரில் டுபாக்கூர் தரகர்களுக்கா பஞ்சம்? ஆனால் அட்டை கிடைக்காவிட்டால் இவளும் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

பழகிய மூன்று பேரிடம் சங்கம் போனில் விசாரிக்கும். இரண்டு பேரை இவளே சொல்லலாம். அவர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். மூன்றாவது ஆளை, சங்க அலுவலகத்தில் இவளை விசாரித்த அம்மா இவளுடைய டைரியைப் புரட்டித் தானே பொறுக்கினார். யார் பெயர் என்று இவள் எட்டிப் பார்த்தாள். பல் டாக்டர்! அவர் வீட்டை வாங்க வந்த இரண்டு குடும்பங்கள், இவள் கை வைத்த சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியே வரவில்லை.

சங்கத்து அம்மா ஸ்பீக்கரைப் போட்டார்.

"அந்தம்மாவா?" டாக்டர் எகிறினார். "கைக்கு வந்த பேரத்தை ரெண்டு தடவை கெடுத்தாங்க!"

"எப்படிக் கெடுத்தாங்க?"

"சுவர்ல தண்ணி இறங்குதுன்னு சொல்லிட்டாங்க!"

"இறங்குச்சா சார்?"



"இறங்குச்சு," என்றார் டாக்டர், குரலை இறக்கி.

சங்கத்து அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்ப, இவங்களை நம்பி யாரையும் அனுப்ப மாட்டீங்க, அப்படித்தானே?"

"என் வீட்டை விக்கறதுக்கு இந்தம்மா வேணவே வேணாம். ஆனா என் பொண்ணுக்கு ஒரு வீடு பாத்துக்கிட்டிருக்கேன். அதுக்கு இவங்கதான் வரணும். வேற யார் காட்டினாலும் மனசு ஒப்ப மாட்டேங்குது. கோவத்துல நம்பரை அழிச்சுத் தொலைச்சுட்டேன். கொஞ்சம் குடுங்களேன்!"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சங்கத்து அம்மா படிவத்தில் முத்திரையைக் குத்திவிட்டுப் போனை அவள் பக்கம் நகர்த்தினார்.

"டாக்டர்," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "வரேன், கண்டிப்பா வரேன். அந்தச் சுவரைச் சரி பண்ணிட்டீங்களா இல்லையா?"