யோட்டா எழுத்து

பள்ளிச் சமையலறை இழுப்பறையில் தீப்பெட்டி தேடியபோது சவீனாவின் வாக்காளர் அட்டை கையில் அகப்பட்டது. ஓட்டுப் போடும் ஒவ்வொரு முறையும் முத்திரை குத்துவதற்கான பதினெட்டுக் கட்டங்களில் ஒன்றில்தான் முத்திரை இருந்தது.

“என்னக்கா, ஓட்டே போடுறதில்லையா?” என்று கேட்டேன்.

“ஒரு தடவ போட்டேன். போதும்னு ஆயிருச்சு.”

“சோம்பேறித்தனம்னு ஊர்ல சொல்றாங்களே.”

“காலையில அஞ்சு மணிக்கு அடுப்புப் பத்த வைக்கிறவளையா? சொல்லட்டும்.”

பிறகு உருளைக்கிழங்கு உரித்தபடியே நடந்ததைச் சொன்னார்.

இத்தாலியின் திரியெஸ்தே நகருக்கு மேலே, கல்மேட்டில் இருக்கும் எங்கள் ஸ்லோவேனிய மொழிப் பள்ளிக்கு அவர் சமையல்காரர், நான் எழுத்தர். அன்றைய சாப்பாட்டைச் சாப்பாட்டுக்கூடக் கரும்பலகையில் அவர் ஸ்லோவேனியத்தில் எழுதுவார், கீழே நான் இத்தாலியத்தில் எழுதுவேன். அவர் எழுத்து வலப்பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் வால் இழுத்திருக்கும். இங்கே படித்த எல்லோருக்கும் அது தெரியும்.

அந்தக் கூடம்தான் வாக்குச்சாவடி. ஊராட்சித் தேர்தலில் சின்னத்தில் கோடு போட்டால் தலைவருக்கு ஓட்டு விழும். உறுப்பினராக ஒருவர் வர வேண்டுமென்றால் அவர் பெயரை நம் கையால் எழுத வேண்டும். எண்ணும்போது ஊரார் பின்னால் நின்று பார்க்கலாம். இருபது வருடங்களுக்கு முன் சவீனா, உறுப்பினர் பதவிக்கு நின்ற தன் அண்ணன் ட்ராகோவை விட்டுவிட்டு வேறொருவர் பெயரை எழுதினார். சீட்டைப் பிரித்தவர், “அட, இது நம்ம யோட்டா எழுத்தாச்சே,” என்றார். யோட்டா, அவர் வாரம் இருமுறை வைக்கும் பீன்ஸும் புளித்த முட்டைக்கோஸும் போட்ட சூப். கூடமே சிரித்தது.

ட்ராகோ மூன்று ஓட்டில் தோற்றார். ஆறு வருடம் தங்கையோடு பேசவில்லை, அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட. இப்போது குளிருக்கு முன் அவர்தான் விறகு பிளந்து தங்கை வீட்டில் அடுக்குகிறார்.

பெயர் எழுதத் தேவையில்லாத தேர்தல்களுக்கும் சவீனா அதன்பிறகு போகவில்லை. ஒன்றுக்குப் போய் இன்னொன்றுக்குப் போகாவிட்டால் காரணம் கேட்பார்களாம்.

இந்த வருடம் ட்ராகோ மறுபடி நின்றார். பள்ளிச் சமையலறையை மூடிவிட்டு நகரத்திலிருந்து சாப்பாடு வரவழைப்பது அவர் அணியின் திட்டம். தங்கைக்கு வேறு வேலை பார்த்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த வேலை என்று சொல்லவில்லை. சவீனாவுக்கு ஓய்வூதியம் வர இன்னும் நான்கு வருடம் இருந்தது. சமையலறை இருக்க வேண்டும் என்று வீடுவீடாகப் பேசியவர் எதிரணி வேட்பாளர் வில்மா ஷ்காபர்.

தேர்தலுக்கு முந்தின புதன்கிழமை, பிள்ளைகள் போன பிறகு, சவீனா கூடத்தின் கதவைச் சாத்தினார். காலி மாவுப்பையில் ஒரு துண்டு கிழித்துப் பென்சிலோடு என்னிடம் நீட்டினார்.

“ஷ்காபர்னு எழுது.”

எழுதினேன். என் எழுத்து சின்னது, நிமிர்ந்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“உனக்கு ஓட்டு நகரத்துலதான?”

“ஆமாக்கா.”

“அப்ப இதப் பாத்தா யாருதுன்னு மண்டையப் பிச்சுக்குவாங்க.” என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஞாயித்துக்கிழமைக்குள்ள எனக்கு இந்த மாதிரி எழுதக் கத்துக்குடு.”