பர்மனென்ட் ரத்தக்காட்டேரி

தமிழ்நிலா எழுதிய தொடரின் நாயகன் ஒரு ரத்தக்காட்டேரி. வயது முன்னூறு, பார்வைக்கு இருபத்தைந்து. எத்தனை பேர் ரத்தத்தைக் குடித்தாலும் வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு சிந்த மாட்டான். நெய்வேலியில் வெள்ளைச் சட்டை போட்டால் கரித்தூளே விட்டுவைக்காது. கதைதானே, போகட்டும்.

தமிழ்நிலாவுக்கு மெயின் பஜாரில் ஜெராக்ஸ் கடை வேலை. பகலெல்லாம் ஊராரின் ஆதார் அட்டையை நகலெடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் போனிலேயே எழுதி இணையத்தில் போடுவாள். வீடு டவுன்ஷிப்புக்கு வெளியே. ஊர் உலகத்துக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே அடிக்கடி கரண்ட் போகும்.

நான் அவள் வாசகி, டவுன்ஷிப்பில் கம்பெனி குவார்ட்டர்ஸ்காரி. பகலில் திரையை இழுத்துவிட்டுத் தூங்கி, இருட்டியதும் கிளம்புகிற ஆணோடு குடும்பம் நடத்திய அனுபவம் எனக்கு நிறைய உண்டு. என் வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட். அதில் என்ன காதல் வழிகிறதென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தமிழ்நிலாவின் அப்பா அய்யனார் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. இன்றைக்கு பர்மனென்ட் ஆகும், நாளைக்கு ஆகும் என்று காத்திருந்தே தலை நரைத்தவர். அதனால் மாப்பிள்ளையாவது பர்மனென்டாக இருக்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். எங்கள் ஊரில் ஜாதகமெல்லாம் அதற்கு அப்புறம்தான். மகளோ இனியனை விரும்பினாள். சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட்டில் வேலை, அவனும் கான்ட்ராக்ட். அவன் பேரை எடுத்தாலே அய்யனார் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார்.

இந்த நிலையில்தான் தொடரின் கடைசி அத்தியாயம் வந்தது. காதலிக்காக ரத்தக்காட்டேரி சாகாவரத்தை உதறிவிட்டுச் சாதாரண மனிதனாகிறான். வெளியூர் வாசகர்கள் அழுதார்கள். உள்ளூர் வாசகர்கள் திட்டினார்கள். "ரிட்டையர்மென்ட்டே இல்லாத வாழ்க்கை. அதைப் போய் எவனாவது விடுவானா?" என்று ஒருவர். "அந்தப் பெண்ணையும் ரத்தக்காட்டேரி ஆக்கியிருந்தால் ரெண்டு பேருக்கும் பர்மனென்ட் ஆகியிருக்குமே" என்று இன்னொருவர். அழியாத காதல், மரணம், தியாகம் என்று அவள் உருகி உருகி எழுதியதை எங்கள் ஊர் வேலை நியமன விவகாரமாகவே படித்தது. நானும் ஒரு கமென்ட் போட்டேன். என்னவென்று கேட்காதீர்கள்.

வேலைக்குப் போகும் வேனில் யாரோ அந்த அத்தியாயத்தைச் சத்தமாகப் படிக்க, அய்யனாரும் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் மகளைப் பிடித்துக்கொண்டார். அடுத்து நடந்ததை தமிழ்நிலாவே எனக்குச் சொன்னாள்.

"ஏம்மா, நல்லா பர்மனென்ட்டா இருந்துகினு இருந்தவன ஏன் இப்பிடி ஆக்குன? அவனுக்கென்ன கிறுக்கா?"

"மாத்தலன்னா அவன் அப்பிடியே இருந்துகினு இருப்பான்ப்பா. அவ மட்டும் கெழவியாகி செத்துப்போவா. கூடவே கெழடாவறதுக்கு ஒரு ஆளு வேணாமா? எனக்கு வேணும்ப்பா."

பேச்சு கதையைப் பற்றியதல்ல என்பது அய்யனாருக்கு அப்போதுதான் உறைத்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நானுந்தான் கான்ட்ராக்ட்லயே கெழடாயிகினு இருக்கறேன். இந்த வாழ்க்கையில என்னாத்த கண்டேன் நானு?"

அடுப்படியில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த அவர் மனைவி தனம் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏங்க, அப்ப நானு?"

அய்யனார் மனைவி முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு, மகளிடம் கேட்டார்.

"அந்தப் பையன் வூட்ல பெரியவங்க எப்ப இருப்பாங்க?"